பச்சைப் பொத்தான்

ரங்கூன், பசுண்டவுங் சந்தில் என் நகலகம்.
ஜப்பானில் ஓய்வுபெற்றுக் கப்பலேறி வந்த
ஒரு பழைய மிஷின்.
கரண்டு இருக்கும் நேரத்துக்கு மட்டும் நான் முதலாளி.

நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும்
என்று கதவில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன்.
மின்சாரம் அதைப் படிப்பதில்லை.

போன மழைக்கு முந்தின மழையில்
பச்சைப் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.
விரலை எடுத்த பின்னும்
விரல் இருப்பதாகவே மிஷின் நினைத்தது.
யாரோ ஒருவரின் குடும்பப் பட்டியல்
நாற்பது, எண்பது, இருநூறு,
தட்டு நிரம்பித் தரையில் வழிந்தது.

மெயினை அணைக்கலாம்.
அணைத்தால் மாடியில் மீன்காரியின் ஐஸ்பெட்டியும்
பக்கத்துத் தையல் மோட்டாரும் சேர்ந்து சாகும்.
தீக்குச்சி ஒன்றைச் சீவிப்
பொத்தானுக்கும் விளிம்புக்கும் நடுவே செருகினேன்.

நின்றது.

அந்த ஐப்பசியில்
இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பியது எனக்கு.
இடது விலாவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி.
வெள்ளையணு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
மருத்துவமனை அட்டையில் நான் ஊ வின் தெய்ன்.
"வியாதி வின் தெய்னுக்கா, சிங்காரத்துக்கா?"
என்று கேட்டாள் என் மனைவி பூங்காவனம்,
கேட்டுவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் நின் யூ
சீட்டின் பின்புறம் படம் போட்டார்.
ஒன்பதாம் குரோமோசோமின் நுனியும்
இருபத்திரண்டின் நுனியும்
அறுந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டனவாம்.
ஒட்டின இடத்திலிருந்து ஒரு புரதம்.
மற்றவை யாராவது வந்து தட்டினால் வாய் திறக்கும்.
இது தட்டாமலே
"பெருகு, பெருகு" என்று உள்ளே சொல்லியபடி இருக்கும்.

நான் சிரித்துவிட்டேன்.
டாக்டர் பூங்காவனத்தைப் பார்த்தார்.
"பொத்தான் மாட்டிக்கொண்டது" என்றேன் பர்மியில்.
"அதேதான். அந்தப் புரதத்தில் ஒரு குழி,
எரிபொருள் வந்து உட்காரும் இடம்.
இந்த மாத்திரை முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும்."

தீக்குச்சி, என்றேன். தமிழில்தான் வந்தது.

ஒரு மாத்திரைக்குள் எத்தனை குச்சி?
ஐந்து போட்டு, பின்னால் சைபர் சைபராகப் போட்டார்.
சீட்டின் விளிம்பு குறுக்கிட்டது.

மருந்து மணிப்பூர் வழியாக வருகிறது,
மோரேயில் அடைக்கலத்தின் அப்பள மூட்டைக்குள்.
சாப்பிட்ட பின் ஒன்று, பெரிய தம்ளர் தண்ணீர்.
ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும்.
காலையில் இமை வீங்கியிருக்கும்;
அழுதிருக்கிறேன் என்று நினைத்து
இரண்டு பேர் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டார்கள்.

ஆறாம் மாதம் விலாவில் கல்லைக் காணவில்லை.
தமூ பாலம் பதினேழு நாள் மூடிக் கிடந்தபோது
எண்ணி வைத்த மாத்திரை பதினொன்று.
அடுத்த சோதனையில் எண் கொஞ்சம் ஏறியிருந்தது.
குழியே உருமாறிவிட்டால் இந்தக் குச்சி பொருந்தாதாம்,
வேறு குச்சி உண்டாம்.
அதன் விலையைச் சொல்லும்போது
டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மெக்கானிக் வந்தான்.
புதுப் பொத்தான் கிடைக்கிறது, மாற்றிவிடவா என்றான்.
வேண்டாம் என்றேன்.
கரி படிந்த அந்தக் குச்சியை விரலால் தொட்டுப் பார்த்தேன்,
இறுக்கமாகத்தான் இருக்கிறது.

ஏழு மணி. கரண்டு போய்விட்டது.
மீன்குழம்பு, சோறு, தம்ளர்,
இருட்டில் கைக்கு எல்லாம் தெரியும்.
சந்து முழுக்க அணைந்து கிடக்க
எனக்குள் ஒன்று அணையத் தெரியாமல் இருக்கிறது.
அதன் இருக்கையில்
வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்,
நாளை ராச்சாப்பாடு வரைக்கும்.